உங்க கேஸ், சார்!

"சார், உங்க கேஸ் ஒண்ணு வந்திருக்கு." மனநல மருத்துவரான என்னை இப்படிக் கூப்பிடுவது இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. பொறுமை போய்விட்டது, மருத்துவ மாணவர்களே, பயிற்சி மருத்துவர்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

இந்த முறை வந்த அம்மா, மனநிலை உச்சத்துக்கும் தாழ்வுக்கும் மாறும் பைபோலார் நோய்க்குப் பல வருடங்களாக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர். இரண்டு நாளாக வாந்தி, கை நடுக்கம், தள்ளாட்டம், பேச்சுக் குழறல். கேஸ் ஷீட்டில் பயிற்சி மருத்துவர் எழுதியிருந்தது ஒரே வரி: "மனநோயாளி, பதற்றம்." நாடி, ரத்த அழுத்தக் கட்டங்கள் காலி. மூட்டுவலிக்கு ஒரு வாரமாக டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை சாப்பிடுவதை மகள் என்னிடம்தான் முதலில் சொன்னார். அதுவரை யாரும் கேட்கவில்லையாம். இரண்டும் சேர்ந்தால் லித்தியம் ரத்தத்தில் ஏறி நஞ்சாகும் என்று மருத்துவம் படித்தவர்களுக்கு நான் விளக்கப்போவதில்லை. ரத்தத்தில் லித்தியம் 2.4. 1ஐத் தாண்டினாலே நாங்கள் முகம் சுளிப்போம். கூப்பிட வேண்டியது சிறுநீரக மருத்துவரை, கூப்பிட்டது என்னை.

"சைக்கியாட்ரியில் என்ன சார் மருத்துவம், பேச்சுத்தானே?" இதைக் கேட்டால்தான் எனக்கு எரிகிறது. குளோசபின் என்ற மனச்சிதைவு மருந்தைக் கொடுத்தால், குறைந்துவிடுமோ என்று ரத்த வெள்ளணுக்களை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். சோர்ந்து கிடப்பவருக்குத் தைராய்டு பார்க்க வேண்டும். நேற்றுவரை நன்றாக இருந்த முதியவர் இன்று உளறினால், அது ஏதோ ஒரு தொற்றாக இருக்கலாம். திடீரென்று 'பைத்தியம் பிடித்த' இளம்பெண்கள் சிலருக்கு அவர்கள் உடலே உண்டாக்கி மூளையைத் தாக்கும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம்தான் காரணம் என்று 2007இல் விளங்கியது. பலருக்குச் சினைப்பைக் கட்டியில் தொடங்கிய வினை அது. கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டு முன்னதாகவே இறக்கிறார்கள், பெரும்பாலும் இதயநோய், சர்க்கரை போன்ற உடல்நோய்களால். "உங்க கேஸ்" என்று தள்ளிவிடுவதற்கும் இதில் பங்குண்டு.

"மனநல வார்டில் யாருக்கும் குணமாவதில்லை" என்பது அடுத்த பேச்சு. இரண்டு வாரப் பயிற்சி போஸ்டிங்கில் வார்டை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். தேறியவர் வார்டில் எதற்குப் படுத்திருக்கப் போகிறார்? மறுபரிசோதனைக்கு வருகிறவர்களோடு ஒரு நாள் உட்காருங்கள். சீட்டை வாங்கிக்கொண்டு, வேலைக்கு நேரமாச்சு என்று ஓடுவார்கள்.

சரி, இனிமேல் நாடி, அழுத்தம், சர்க்கரை பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள். என்னென்ன மாத்திரை என்று வீட்டாரிடம் கேளுங்கள். இந்தத் துறைக்கு வர நினைக்கும் நண்பனிடம் "இவ்வளவு மார்க் எடுத்துட்டு இதுக்கா?" என்று கேட்காதீர்கள். அப்புறம், வராந்தாவில் நின்று நோயாளியைப் போல நடித்துக்காட்டிச் சிரிக்காதீர்கள். பக்கத்தில் நிற்கிறவர் தன் மாத்திரையை வைட்டமின் டப்பாவில் ஒளித்து வைத்திருக்கலாம். அப்படி இருவரை எனக்குத் தெரியும். இருவரும் மருத்துவ மாணவர்கள்.

உங்களுக்கே பல வாரமாகத் தூக்கமில்லை என்றால், நீங்களாக மாத்திரை எழுதிப் போட்டுக்கொள்ளாதீர்கள். யாராவது பார்ப்பார்கள் என்று கூச்சமா? ஓ.பி. முடிந்த பிறகு வாருங்கள், இருப்பேன்.