தென்னை ஒன்றும் தோப்பும்

வீட்டில் எல்லோரும் தூங்கியபின் டிவியில் படம் பார்ப்பவர்களுக்கு இது தெரியும். வசனம் காதில் விழவில்லை என்று சத்தத்தைக் கூட்டியிருப்போம். சட்டென்று ஒரு சோப்பு விளம்பரம் வந்து குழந்தையை எழுப்பிவிடும். ரிமோட்டைத் தேடியபடி சேனல்காரரைத் திட்டுவோம். ஆனால் ஒலியின் உச்சத்தை அளக்கும் பீக் மீட்டரைக் கேட்டால் "இரண்டும் ஒரே அளவுதானே" என்று சாதிக்கும்.

மீட்டர் பொய் சொல்லவில்லை. டிஜிட்டல் ஒலியில் பூஜ்யம் டெசிபெல்தான் கூரை. மற்றதெல்லாம் அதற்குக் கீழே, மைனஸில். ஒலி அந்தக் கூரைக்கு எவ்வளவு பக்கத்தில் போனது என்பதை மட்டுமே பீக் மீட்டர் பார்க்கிறது. படத்தில் எப்போதாவது வெடிக்கும் துப்பாக்கி கூரையைத் தொடும். விளம்பரத்திலோ சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸர் போட்டு நசுக்கி, ஒவ்வொரு சொல்லையும் கூரையோடு ஒட்டவைத்திருப்பார்கள். வயலில் தனியாக நிற்கும் தென்னையும் தென்னந்தோப்பும் ஒரே உயரம்தான். நிழல் ஒன்றா?

காது நிழலைத்தான் அளக்கிறது. 1939இல் அமெரிக்க வானொலிக்காக வந்த வியூ (VU) மீட்டர் என்ற ஒலி அளவுமானியின் ஊசி, ஏறி நிற்க 300 மில்லி விநாடி எடுத்துக்கொள்ளும். அந்த மந்தம் வேண்டுமென்றே வைத்தது, கிட்டத்தட்ட ஒரு சராசரி. ஆனாலும் அதற்குத் தவிலும் புல்லாங்குழலும் ஒன்றுதான். நம் காதுக்கு அப்படியில்லை. பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள்: காது 3000, 4000 ஹெர்ட்ஸ் பக்கம் படு கூர்மை, அடிக்குரலில் பாதிச் செவிடு.

இதையெல்லாம் கணக்கில் எடுத்த அளவுதான் ஒலிப்பதிவாளர்கள் 'லஃப்ஸ்' (LUFS) என்று சொல்வது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் இதற்கான விதியை வெளியிட்டது. முதலில் ஒரு வடிகட்டி அடி ஒலியைக் குறைத்து, மேல் ஒலியைச் சற்றுத் தூக்கும். அப்புறம் ஆற்றலின் சராசரி. இதில் எனக்குப் பிடித்தது பின்னால் சேர்த்த 'கேட்' (gate), அதாவது தாழ்ந்த ஒலியை உள்ளே விடாத வாசல். ஒலியை 400 மில்லி விநாடித் துண்டுகளாக்கி, மைனஸ் 70 லஃப்ஸுக்குக் கீழே உள்ளதைத் தூக்கி எறிகிறார்கள். மிச்சத்தின் சராசரியைவிட 10 அலகு தாழ்ந்த துண்டுகளையும் கழித்துவிட்டு மறுபடி சராசரி. இல்லாவிட்டால் பாதி விளம்பரத்துக்கு மௌனம் காத்து மீதியில் கத்தி, சராசரியை ஏமாற்றிவிடலாமே!

ஐரோப்பிய ஒளிபரப்பாளர்கள் 2010இல் நிகழ்ச்சிகளின் சராசரிச் சத்தம் மைனஸ் 23 லஃப்ஸ் என்று வரையறுத்தார்கள். அமெரிக்காவில் விளம்பரச் சத்தத்துக்கென்றே சட்டம் வந்து, 2012 டிசம்பரில் அமலானது. அங்கே மைனஸ் 24. பாட்டு கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபை, பாடல்களை வழக்கமாக மைனஸ் 14க்குக் கொண்டுவருகிறது. எவ்வளவு நசுக்கி அனுப்பினாலும் அங்கே சத்தம் இறங்கிவிடும். நசுங்கியது மட்டும் நசுங்கியபடியே இருக்கும்.

சரி, அப்படியானால் ரிமோட்டைக் கீழே வைத்துவிடலாமா? முடியாது. இந்த எண் முழுப் படத்துக்கும் சேர்த்து ஒரே சராசரி. முணுமுணுப்புக்கு அடுத்த காட்சியிலேயே வரும் சண்டையை அது கண்டுகொள்ளாது.