வளைந்த காலை வெட்டி நிமிர்த்தலாமா?

பிறந்த குழந்தையின் கணைக்கால் வளைந்திருந்தால், எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்பதைத்தான் எலும்பு மருத்துவர் முதலில் பார்ப்பார். பின்னோக்கி, உட்புறமாக வளைந்திருந்தால் பெரும்பாலும் சில ஆண்டுகளில் தானே நிமிர்ந்துவிடும். அந்தக் கால் சற்றுக் குட்டையாக நின்றுவிடலாம், அவ்வளவுதான். முன்னோக்கி, வெளிப்புறமாக வளைந்திருந்தால் கவலைப்பட வேண்டும். அந்த எலும்பு எளிதில் முறியும். முறிந்தால் மறுபடி ஒன்றுகூடி ஒட்டாது. முறிந்த இடம் மூட்டுப் போல அசையத் தொடங்குவதால் இதைப் பிறவிப் பொய்மூட்டு என்கிறார்கள்.

பிற குழந்தைகளுக்குச் சில வாரங்களில் கூடும் எலும்பு இங்கே ஏன் கூடுவதில்லை? எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வுதான் அதற்கு இரத்தமும் புது செல்களும் தருகிறது. இந்நோயில் அந்தச் சவ்வு தடித்து, நார்த்திசுவாக மாறி எலும்பை நெரிக்கிறது. கட்டும் செல்கள் தளர, அரிக்கும் செல்கள் ஓங்குகின்றன.

இக்குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் என்ற மரபணுக் கோளாறு இருக்கிறது. 17ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு பழுதாவதால் வருவது அது. அதனால்தான் காலைக் காட்டப் போன இடத்தில் மருத்துவர் சட்டையைக் கழற்றச் சொல்கிறார். 5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பால்காபி நிறப் புள்ளிகள் ஆறோ அதற்கு மேலோ இருந்தால் சந்தேகம் வலுக்கும். பிறந்தபோது இல்லாத புள்ளிகள் முதல் ஆண்டுக்குள் தோன்றலாம். மறுபடியும் பார்க்க வேண்டும்.

எக்ஸ்ரேயில் எலும்பின் நடுக்குழல் குறுகியோ அடைபட்டோ தெரியும். ‘வெட்டி நேராக்கிவிடுங்கள்’ என்று பெற்றோர் கேட்பது இயல்பு. ஆனால் முறியாத எலும்பை வளைவு நீக்குவதற்காக வெட்டுவது, நாமே பொய்மூட்டை உண்டாக்குவதற்குச் சமம். எண்ணெய் தேய்த்து நீவினாலும் இது நிமிராது. குழந்தை எழுந்து நிற்கத் தொடங்கும்போதே, காலை முன்னும் பின்னும் கவ்விப் பிடிக்கும் பிளாஸ்டிக் கவசம் அணிவிக்க வேண்டும். வளர வளர அளவெடுத்து மாற்ற வேண்டும். அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் முறிவைத் தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் லாபம்.

முறிந்துவிட்டால் மாவுக்கட்டு மட்டும் போதாது. நோயுற்ற சவ்வை முழுவதும் அகற்றி, இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்பை வைத்து, உள்ளே கம்பி செருகுவார்கள். சிலருக்கு, சைபீரியாவின் குர்கான் நகரில் பணியாற்றிய இலிசாரோவ் உருவாக்கிய வளையச் சட்டத்தையும் வெளியே பொருத்துவார்கள். கூடிய எலும்பும் மறுபடி முறியலாம். எனவே வளர்ச்சி முடியும் வரை கம்பியும் கவசமும் தொடரும். பலமுறை தோற்றபின், காலின் கீழ்ப்பகுதியை நீக்கிச் செயற்கைக் கால் பொருத்துவதே சில குழந்தைகளை ஓடவைக்கிறது.