பாசத்தால் கையைக் கட்டாதீர்கள்

பக்கவாதம் வந்து சில மாதங்கள் ஆன ஒருவரை இந்த வாரம் அழைத்து வந்தார்கள். பாதிப்பு இடப்பக்கம், வலக்கை நன்றாகவே இயங்குகிறது. ஆனாலும் பல் தேய்த்துவிடுவது, ஊட்டிவிடுவது, சட்டை மாட்டிவிடுவது எல்லாமே மகள்தான். “அப்பாவுக்கு எதற்குச் சிரமம்?” என்கிறார் பெருமையாக. இதே வசனத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

அம்மா, அந்தச் சிரமம்தான் சிகிச்சை. கை சரியான பிறகு சட்டை போட்டுக்கொள்வார் என்று காத்திருக்கிறீர்கள். சட்டை போடப் போடத்தான் கை பழகும். வேலையே கொடுக்காத கையை மூளையும் மெல்ல மறந்துவிடுகிறது. சரி, கை முழுதாகத் திரும்பவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அவர் சட்டை போடலாம்: போடும்போது பலவீனமான கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். ஆக்குபேஷனல் தெரபியில், அதாவது அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சையில், நாங்கள் கற்றுத்தருவது இப்படிப்பட்ட வழிகளைத்தான். நீங்கள் தினமும் மாட்டிவிட்டால் நான் எதைக் கற்றுத்தருவது?

இன்னொன்று, அந்த ரப்பர் பந்து. ஏற்கெனவே மடங்கி இறுகிய விரல்களுக்குள் பந்தைத் திணித்து “அழுத்து, அழுத்து” என்கிறார்கள். அவருக்கு வராதது விரலைத் திறப்பது. பந்தைக் கையிலிருந்து எடுத்து அலமாரிக்குள் வையுங்கள்.

தட்டின் இடப்பாதியில் உணவு அப்படியே மிஞ்சுகிறதா? பசியில்லை என்று முடிவு கட்டாதீர்கள். அந்தப் பக்கம் அவர் கவனத்திலேயே படாமல் இருக்கலாம்.

பக்கவாதம் மட்டுமல்ல. மூட்டுவாதக்காரருக்குத் தடித்த கைப்பிடி உள்ள கரண்டி, மறதி நோயாளிக்கு அணியும் வரிசையில் அடுக்கி வைத்த உடைகள் என்று சின்னச் சின்ன மாற்றங்களே அன்றாடப் பொழுதை நகர்த்தும்.

தூக்கிவிடும்போது பலவீனமான கையைப் பிடித்து இழுக்கவே இழுக்காதீர்கள்; தோள் மூட்டு நழுவக்கூடும். குளியலறையில் துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழ விடாதீர்கள், அது ஆள் எடையைத் தாங்காது. சுவரில் உறுதியான கைப்பிடி பொருத்துங்கள். சாப்பிடும்போது புரையேறினால், விழுங்கும் திறனைப் பரிசோதித்த பிறகே தானாகச் சாப்பிட விட வேண்டும்.

காலையில் அவசரம் என்பது எனக்கும் தெரியும். மாலையில் உடை மாற்றும்போதாவது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், தயவுசெய்து. பித்தான் மாறிப் போனாலும் உடனே கை நீட்டாதீர்கள், அவரே கண்டுபிடிக்கட்டும்.