வலி நின்றுவிட்டால்தான் ஆபத்து

மைனஸ் 20 டிகிரியில் கையுறை இல்லாமல் நின்றால் விரல் நுனி முதலில் சிவக்கும், பிறகு கடுகடுவென வலிக்கும், கொஞ்ச நேரத்தில் வலி நின்றுவிடும். குளிர் பழகிவிட்டது என்று தோன்றும். உண்மையில் நரம்பு மரத்துவிட்டது. பனிக்கடி, அதாவது தோலும் சதையும் உறைந்துபோவது, தொடங்குவது பெரும்பாலும் அப்போதுதான்.

குளிர் பட்டதும் உடல் செய்யும் முதல் வேலை, தோலுக்குப் போகும் சிறு ரத்தக் குழாய்களைச் சுருக்குவது. சூடான ரத்தம் மேலே வந்து ஆறிப்போகாமல் நெஞ்சையும் மூளையையும் சுற்றியே ஓடும். உயிரைக் காக்கும் ஏற்பாடுதான். ஆனால் குளிர்ப் பிரதேச நோய்கள் பலவற்றுக்கு வேரும் இதுவே.

விரலை உடல் உடனே கைவிட்டுவிடுவதில்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை குழாயைத் திறந்து கொஞ்சம் ரத்தம் அனுப்பும். உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்துவிட்டால் அதுவும் குறைந்துவிடும். கை சில்லிட்டால் மார்புக்கும் தலைக்கும் இன்னொரு அடுக்குத் துணி போடச் சொல்வது இதனால்தான்.

ரத்தம் வராத விரலில் செல்களுக்கு வெளியே உள்ள நீர் முதலில் பனித்துகளாகிறது. மிஞ்சும் திரவத்தில் உப்பு அடர்த்தி ஏற, அது செல்லுக்குள் இருக்கும் நீரையும் உறிஞ்சிவிடும், செல் வற்றிப்போகும். பாதிச் சேதம்தான் இது. மீதி, பனி உருகும்போது வருகிறது: குழாய்களின் உட்சுவர் புண்ணாகி, ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்கிறது. ஒருமுறை உருகிய விரல் மறுபடி உறைந்தால் சேதம் பல மடங்கு. எனவே திரும்பவும் குளிரில் போக வேண்டியிருந்தால் உருக்காமல் விடுவதே மேல்.

பனிக்கட்டியால் தேய்க்கும் பழைய வைத்தியம் கெடுதல். நெருப்பில் காட்டுவதும் கூடாது. மரத்த விரலுக்குச் சுடுவது தெரியாது, வெந்துபோகும். 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் 15 முதல் 30 நிமிடம் அமிழ்த்தி வைக்க வேண்டும். உறைந்த கை நீரை வேகமாகக் குளிர்விக்கும் என்பதால் வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து வெந்நீர் சேர்க்க வேண்டும், ஊற்றும்போது கையை எடுத்துவிட்டு. விரல் செக்கச்சிவந்து மெத்தென்று ஆனால் போதும். வலி உயிர் போகும். அது நல்ல அறிகுறி. பிறகு எழும் கொப்புளத்தில் தெளிந்த நீர் இருந்தால் காயம் பெரும்பாலும் மேலோட்டம், ரத்தம் இருந்தால் ஆழம். கடுமையான பனிக்கடிக்கு, விரலை வெட்ட வேண்டிய நிலையைக் குறைக்கும் ஐலோபிராஸ்ட் மருந்துக்கு 2024-இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது.

உடலின் உள்வெப்பமே 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா. பழைய பாதரச வெப்பமானியின் அளவுகோல் 35-இல்தான் தொடங்கும், ஆகவே அதை நம்பிப் பயனில்லை. பேச்சு குழறுவது, நடை தள்ளாடுவது, பொத்தான் போட முடியாமல் தடுமாறுவது ஆகியவற்றைத்தான் கவனிக்க வேண்டும். சுமார் 32-க்குக் கீழே நடுக்கம் குறைந்து நின்றுவிடும். தேறிவிட்டார் என்று ஏமாறக் கூடாது. 28-க்குக் கீழே, ஆளை முரட்டுத்தனமாகப் புரட்டினாலே இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். ஈரத் துணியை வெட்டி எடுத்து, படுத்த நிலையிலேயே அசைக்காமல் தூக்க வேண்டும். நாடி கிடைக்கவில்லை என்பதற்காகக் கைவிடவும் கூடாது: 1999-இல் நார்வேயில் ஓடையை மூடிய பனிக்கட்டிக்கு அடியில் சிக்கிய மருத்துவர் ஒருவர், 13.7 டிகிரிவரை குளிர்ந்தும் பிழைத்தார்.

தோல் குழாய்கள் சுருங்குவதால் ரத்த அழுத்தம் ஏறும். நடுவே கூடிய ரத்தத்தை மிகுதி என்று எண்ணிச் சிறுநீரகம் நீரை வெளியேற்ற, ரத்தம் தடிக்கும். அந்த நிலையில் மூச்சடக்கிப் பனியை மண்வெட்டியால் அள்ளுவதுதான் இதய நோயாளிக்கு மோசமான வேலை.

நுரையீரலின் கதை வேறு. மைனஸ் 20-இல் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 1 கிராம் நீராவியைத்தான் தாங்கும். நுரையீரலுக்குள் அது 44 கிராம் வரை ஆக வேண்டும். அந்த ஈரம் முழுவதும் மூச்சுக்குழாயின் சுவரிலிருந்து போகிறது. வறண்ட சுவர் இறுகி வீசிங் வரும். மூக்கையும் வாயையும் மூடிய கம்பளித் துண்டு, வெளிவிடும் மூச்சின் ஈரத்தைப் பிடித்து அடுத்த மூச்சுக்குத் திருப்பித் தரும். ஆனால் துண்டு நனைந்து உறைந்துவிட்டால் மூச்சு முட்டும். மாற்றுத் துண்டு ஒன்று கையில் இருக்கட்டும்.