ஒரு இழுப்புக்கு ஒரு குண்டு

பெயிண்ட்பால் என்பது சாயம் நிரப்பிய குண்டால் எதிராளியை அடித்து அவுட் ஆக்கும் விளையாட்டு. அதில் சுடும் துப்பாக்கிக்கு மார்க்கர் என்று பெயர். இன்றைய எலெக்ட்ரானிக் மார்க்கர் நொடிக்குப் பத்துக் குண்டுக்கு மேல் சுடும். விரலைத் தொட்டு எடுத்தால் போதும், மற்றதை உள்ளே இருக்கும் மின்சுற்று பார்த்துக்கொள்ளும். அப்படியிருந்தும் அதே மைதானத்துக்குச் சிலர் பம்ப் மார்க்கரோடு வருகிறார்கள். அதில் ஒவ்வொரு குண்டுக்கும் குழலுக்கு அடியில் உள்ள கைப்பிடியைப் பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, அப்புறம்தான் விசையை அழுத்த முடியும். எதிராளி பத்துக் குண்டு சுடுகிற நேரத்தில் இவர்கள் சுடுவது ஒன்றோ இரண்டோ. காசுக்குப் பார்த்து எடுப்பதும் இல்லை, நல்ல பம்ப் மார்க்கர்கள் நல்ல விலைக்குத்தான் விற்கின்றன. ஆசைப்பட்டே எடுக்கிறார்கள்.

நியூஜெர்சியில் வளர்ந்த என் அக்கா மகன் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன். முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்காகக் காரைக்குடி வந்திருந்தபோது, வேலையெல்லாம் ஓய்ந்த ஒரு மத்தியானம் வளவில் உட்கார்ந்து இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். "ஏன் தம்பி, வேகமா சுடுறதை விட்டுட்டு இதை எடுக்கிறே?" என்று கேட்டேன். "அம்மான், நான் சுடுறது கம்மிதான். ஆனா சுட்ட ஒவ்வொண்ணும் எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும்" என்றான். அந்தப் பதிலுக்குள் ஏகப்பட்ட இயற்பியல் இருக்கிறது.

முதலில் கருவி. கைப்பிடியைப் பின்னால் இழுத்தால் போல்ட் என்ற உருளை கூடவே பின்வாங்கும். திறந்த இடத்தில் மேலிருந்து ஒரு குண்டு வந்து விழும். முன்னால் தள்ளினால் போல்ட் அந்தக் குண்டைக் குழலுக்குள் அனுப்பிப் பின்பக்கத்தை அடைத்துவிடும். இந்த அசைவிலேயே ஹேமர் என்கிற கனமான உலோகத் துண்டு ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு ஒரு கொண்டியில் மாட்டி நிற்கும். விசையை அழுத்தியதும் கொண்டி நழுவ, ஹேமர் பாய்ந்து வால்வில் அடிக்கும். வால்வு இமைக்கும் நேரத்தைவிடக் குறைவாகத் திறந்து மூடும், அதற்குள் பீறிடும் வாயு குண்டைத் தள்ளிவிடும். அவ்வளவுதான். அடுத்த குண்டை ஏற்றுவதற்கு வாயுவோ பேட்டரியோ எதுவும் செய்வதில்லை, கைதான் செய்ய வேண்டும்.

அடுத்த குண்டுக்குத் தானே தயாராகிக்கொள்ளும் சாதாரண செமி ஆட்டோமேட்டிக் மார்க்கரில், வெளியேறும் வாயுவின் ஒரு பகுதி பின்பக்கம் திரும்பி ஹேமரைத் தள்ளி மறுபடி மாட்டிவிடும். அதனால் ஒரு குண்டுக்குச் செலவாகும் வாயு கூடும், கையில் ஒரு உதைப்பும் தெரியும். போல்ட் வேகமாக முன்னால் பாயும்போது பாதி இறங்கிய குண்டு நடுவில் சிக்கினால் உள்ளேயே உடைந்து, குழல் முழுக்கச் சாயம் வழியும். பம்பில் போல்ட்டை நகர்த்துவது நம் கை என்பதால் குண்டு சரியாக இறங்கவில்லை என்றால் கைக்கே தெரிந்துவிடும்.

இந்த விளையாட்டு பிறந்ததும் இப்படிப்பட்ட கருவியோடுதான். வெட்ட வேண்டிய மரங்களுக்கும் மந்தையில் பிரிக்க வேண்டிய மாடுகளுக்கும் தூரத்திலிருந்தே சாயக்குறி வைக்க, நெல்சன் பெயிண்ட் கம்பெனிக்காக டெய்சி நிறுவனம் 1970களில் செய்து கொடுத்தது நெல்-ஸ்பாட் 007. அதில் போல்ட்டைக் கையால் இழுத்து, மார்க்கரைச் சாய்த்துக் குண்டை உருட்டி விட வேண்டும். 1981 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில், ஹென்னிக்கர் என்ற ஊரின் காட்டில் பன்னிரண்டு பேர் இதை வைத்துக் கொடி பறிக்கும் ஆட்டம் ஆடினார்கள். ஜெயித்தவர் மரங்களோடு புழங்கிப் பழகிய ஒரு வனப் பணியாளர். ஒரு குண்டுகூடச் சுடாமல் எல்லாக் கொடிகளையும் எடுத்து வந்தார். பம்ப் ஆட்டக்காரர்கள் இந்தக் கதையை இன்றும் விரும்பிச் சொல்வதில் ஆச்சரியமே இல்லை.

பிறகு ஓர் அழகான திருப்பம் வந்தது. ஸ்னைப்பர் என்ற பம்ப் மார்க்கரின் கைப்பிடி அசைவை அப்படியே ஒரு சின்ன வாயு உந்துதண்டிடம் ஒப்படைத்து ஆட்டோகாக்கர் என்ற புகழ்பெற்ற செமி ஆட்டோவை உருவாக்கினார்கள். பல வருஷம் கழித்து ஆட்டக்காரர்கள் சிலர் அந்த உந்துதண்டைக் கழற்றிவிட்டு, பழையபடி கைப்பிடியை மாட்டிக்கொண்டார்கள். பழமை மோகம் மட்டும் காரணமாக இருந்திருந்தால் அதற்கு இவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டார்கள்.

இனி வாயு. பழைய முறையில் 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு அடைத்த சின்ன இரும்புக் குப்பிதான் சக்தி. உள்ளே திரவமும் ஆவியும் சேர்ந்தே இருக்கும். அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை: 0 டிகிரியில் ஏறத்தாழ 35 பார் (ஒரு பார் என்பது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் அளவு), 20 டிகிரியில் 57, 30 டிகிரியில் 72. ஒவ்வொரு முறை சுடும்போதும் கொஞ்சம் திரவம் ஆவியாகும், அதற்கு வேண்டிய வெப்பத்தைக் குப்பியிலிருந்தே உறிஞ்சும். நம் பக்கத்துக் கல்யாணங்களில் பந்திக்குச் சமைக்கும் இடத்தில், பெரிய அடுப்பில் முழுத் தீ வைத்தால் கேஸ் சிலிண்டரின் அடிப்பகுதி வியர்த்துப் பனி பிடிப்பதையும், சமையல்காரர் அதைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி வைப்பதையும் பார்த்திருப்பீர்கள். இங்கேயும் அதேதான் நடக்கிறது. வேகமாகச் சுட்டால் குப்பி குளிரும், அழுத்தம் இறங்கும், ஐந்தாவது குண்டின் வேகமும் முதல் குண்டின் வேகமும் ஒன்றாக இருக்காது. 12 கிராமில் 25 குண்டு சுடலாம் என்று வைத்தால், ஒரு குண்டுக்கு அரை கிராமுக்குச் சற்றுக் குறைவாக வாயு போகும். 20 டிகிரியில் அவ்வளவு திரவம் ஆவியாக எழுபது ஜூல் போல வெப்பம் வேண்டும். குண்டு எடுத்துச் செல்லும் ஆற்றலோ பன்னிரண்டு ஜூல்தான். நிறுத்தி நிதானமாகச் சுடுகிறவருக்கு, ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் நடுவில் குப்பி வெளிக்காற்றிலிருந்து வெப்பம் வாங்கிச் சமாளித்துக்கொள்ள நேரம் கிடைக்கும்.

செட்டிநாட்டில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கார்பன் டை ஆக்சைடின் மாறுநிலை வெப்பம் 31 டிகிரி. அதற்கு மேல் போனால் திரவம், ஆவி என்ற பிரிவே இல்லாமல் போகும். அதன்பின் அடைத்த குப்பியில் ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் மளமளவென்று ஏறும். சித்திரை வெயிலில் காரைக்குடியில் 31 டிகிரி என்பது காலை பத்து மணிக்கு முன்பே வந்துவிடுகிற சங்கதி. இந்த வாயுவை இங்கே நேராகப் பயன்படுத்தினால் மதியம் குண்டின் வேகம் மைதானம் அனுமதிக்கும் எல்லையைத் தாண்டிவிடும், அதனால் விளையாடுவதற்கு முன் வேகத்தை அளந்தே ஆக வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் குப்பியை வைக்கவே கூடாது. அழுத்தக் காற்றும் அழுத்தச் சீராக்கியும் உள்ள இன்றைய கருவிகளில் இந்தத் தொல்லை பெரும்பாலும் கிடையாது. ஆகவே வாயுக் கணக்கை மட்டும் வைத்து பம்பை உயர்த்திப் பேசுவதை நான் ஏற்பதில்லை. விஷயம் குண்டு குழலை விட்டு வெளியே வந்த பிறகு இருக்கிறது.

பம்ப் மார்க்கர் அதிகத் துல்லியமானது என்று பலர் நம்புகிறார்கள். ஒரே குழல், ஒரே குண்டு, ஒரே வேகம் என்றால், வெளியே வந்த குண்டுக்குத் தன்னைச் சுட்டது எது என்பது தெரியாது. அதை அடக்கி ஆள்வது காற்றுதான்.

குண்டு 17.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஜெலட்டின் உறை, உள்ளே பாலிஎத்திலீன் கிளைக்காலில் கலந்த சாயம், மொத்த எடை மூன்று கிராம் சுமார். மைதானங்களில் வேகத்துக்கான வழக்கமான உச்சவரம்பு நொடிக்கு 300 அடி, அதாவது ஏறத்தாழ 90 மீட்டர். இவ்வளவு லேசான உருண்டை இந்த வேகத்தில் போகும்போது காற்று தரும் எதிர்ப்பைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குண்டின் எடையைப்போல் பதினெட்டு மடங்கு! 30 மீட்டர் போவதற்குள் வேகம் பாதியாகிவிடுகிறது. வேகம் பாதியானால் ஆற்றல் கால்வாசி. அதனால்தான் தூரத்தில் பட்ட குண்டு பல நேரம் உடையாமல் தெறித்துப் போகிறது. உடைந்து சாயம் ஒட்டினால்தான் ஆள் அவுட்.

அன்று நானும் அவனும் முகப்பிலிருந்து வீட்டுக்குள் நேராக டேப் பிடித்து 30 மீட்டரைக் குறித்துப் பார்த்தோம். முன்வாசலில் நின்றால் பின்வாசல் வரை கண் தடையில்லாமல் போகும் வீடு அது, அளக்க வசதியாக இருந்தது. அந்தத் தூரத்தைக் கடக்கக் குண்டுக்கு அரை நொடிக்குச் சற்றுக் குறைவான நேரம் ஆகிறது. அதற்குள் அது கீழே இறங்கும் அளவு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பக்கவாட்டில் எவ்வளவு விலகும் என்பதை முன்கூட்டிச் சொல்லவே முடியாது. உருண்டையின் பின்னால் காற்றுச் சுழல்கள் ஒழுங்கில்லாமல் பிய்ந்து போகும்போது அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளுகின்றன. உறையின் ஒட்டும் இடத்தில் இருக்கும் சின்ன மேடும் தன் பங்கைச் சேர்க்கிறது.

இப்போது எதிரில் நிற்கும் மனிதரைப் பாருங்கள். மார்க்கரின் சத்தம் 30 மீட்டரைத் தாண்ட நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. கேட்டுச் சுதாரிக்க இன்னும் ஐந்தில் ஒரு பங்கு நொடி போகட்டும். அதற்குப் பிறகும் தலையைக் குனிய அவருக்கு நேரம் மிச்சம் இருக்கிறது. 10 மீட்டரில் கதையே வேறு. குண்டு எட்டில் ஒரு பங்கு நொடியில் வந்து சேர்ந்துவிடும். மனித மூளைக்கு அது போதாது. குண்டு இறங்குவதும் ஏழு சென்டிமீட்டர் சுமார்தான்.

ஆகவே ஜெயிக்க இரண்டு வழி. ஒன்று, தூரத்திலேயே நின்று குண்டை வாரி இறைப்பது. 30 மீட்டரில் ஒரு குண்டு படும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். பத்துக் குண்டு விட்டால் ஒன்றாவது படும் வாய்ப்பு 65 விழுக்காடு. இன்னொன்று, பக்கத்தில் போவது. 10 மீட்டரில் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றால் இரண்டே குண்டில் 75 விழுக்காடு. வேகமான மார்க்கர் முதல் வழியைத் திறந்து வைப்பதால் பெரும்பாலோர் அதிலேயே போகிறார்கள். பம்ப் அந்தக் கதவை அடைத்துவிடுகிறது. இருபது மீட்டரை எப்படிக் குறைப்பது என்பதே அப்புறம் முழு ஆட்டமாகிவிடுகிறது. எதிராளி எப்போது ஹாப்பரில் (மார்க்கரின் மேல் இருக்கும் குண்டுக் கூடு) குண்டு நிரப்புவார், எந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு, காய்ந்த சருகில் கால் வைத்தால் சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்று புலன்கள் எல்லாம் வேலை செய்யத் தொடங்கும். எனக்குத் தெரிந்து, பம்ப் பிடித்தவர்கள் அதை விடாமல் இருப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம், மருமகன் சொன்ன பதில். நொடிக்குப் பத்துக் குண்டு விடும்போது எந்தக் குண்டு எங்கே போனது என்று கண் பிரித்தறியாது. குண்டுச் சரத்தைத் தண்ணீர்க் குழாயைப் போலத் திருப்பித் திருப்பி இலக்குக்குக் கொண்டுவர வேண்டும். பம்பில் ஒரு குண்டு புறப்பட்டு, வளைந்து இறங்கி, உடைவது வரை முழுதாகப் பார்க்கலாம். அதைப் பார்த்தபடியே கை அடுத்ததை ஏற்றிவிடும். அடுத்ததை ஒரு விரற்கடை மேலே வைக்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும். திறமை வளர்வதைத் தானே உடனுக்குடன் காண முடிவது பெரிய சந்தோஷம். விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை மட்டும் படபடவென்று அடித்தால் தொடர்ந்து சுடும் ஆட்டோ டிரிக்கர் என்ற வசதியும் பல பம்ப் மார்க்கர்களில் உண்டு. அவசரத்துக்கு அது உதவும், கொஞ்ச நேரத்தில் கை கடுக்கும்.

ஒரு குண்டுதான் என்றான பிறகு அந்தக் குண்டின் மேல் அக்கறை கூடுவது இயல்பு. ஜெலட்டின் ஈரத்தை இழுத்து உப்பும், வெயிலில் இளகி வடிவம் கெடும். ஐப்பசி மழையில் நம் ஊரில் ஒரு பை குண்டைத் திறந்து வைத்தால் மறுநாள் குழலுக்குள் போகாது. அதனால் பம்ப் ஆட்டக்காரர்கள் குழலைக் கழற்றிக் கையில் வைத்து, ஒரு குண்டைப் பின்பக்கமாகப் போட்டுப் பார்ப்பார்கள். தானாக உருண்டு வெளியே வந்தால் குழல் அகலம். வாயால் ஊதினால் மட்டும் வந்தால் பொருத்தம் சரி. ஊதியும் வராவிட்டால் குண்டு உப்பிவிட்டது. குழலும் குண்டும் பொருந்தாவிட்டால் வேகம் குண்டுக்குக் குண்டு ஏறி இறங்கலாம்.

ஸ்டாக் கிளாஸ் என்ற பிரிவில் இன்னும் கடுமை. 12 கிராம் குப்பி மட்டும்தான். குண்டுகள் குழலுக்கு இணையாகப் படுத்திருக்கும் ஒரு குழாயில் பத்துப் பதினைந்து இருக்கும், ஒவ்வொன்றுக்கும் மார்க்கரைச் சாய்த்து உருட்ட வேண்டும். இந்த ஆட்டத்தை இன்றும் தேடிப் போய் ஆடுகிறார்கள்.

சென்னை, பெங்களூரு மைதானங்களில் வாடகைக்குக் கையில் கிடைப்பது பெரும்பாலும் செமி ஆட்டோதான். அதிலேயே இந்த ருசியைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது: ஹாப்பரில் இருபது குண்டு மட்டும் போட்டுக்கொண்டு இறங்குங்கள், முதல் ஐந்து நிமிஷம் சுடாதீர்கள். முகமூடியை எந்தக் காரணத்துக்காகவும் களத்தில் கழற்றக் கூடாது, பன்னிரண்டு ஜூல் என்பது கண்ணுக்கு மிக மிக அதிகம்.

காரைக்குடியைச் சுற்றிச் செம்மண் பொட்டலில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் இடங்களில் பதினைந்து மீட்டருக்கு மேல் ஆள் தெரியாது. நொடிக்குப் பத்துக் குண்டு அங்கே முள்ளில் பட்டே தீரும். கண்மாய்க் கரை ஓரமாக அப்படி ஒரு துண்டு நிலத்தில், பம்ப் மட்டும் என்ற விதியோடு ஒரு மைதானம் யாராவது போட்டால், வெயில் தாழ்ந்த பிறகு ஆட நான் முதல் ஆளாகப் போய் நிற்பேன்.