ஸ்மார்ட் கார்டு: திறன் அட்டையா, சில்லு அட்டையா?

வேலூரில் நடந்த ஒரு கருத்தரங்கின் அழைப்பிதழில் 'பொதுப் போக்குவரத்துத் திறன் அட்டைகளின் வடிவமைப்புக் குறைகள்' என்று ஒரு தலைப்பு அச்சாகியிருந்தது. ஸ்மார்ட் என்ற சொல்லைக் கண்ட இடமெல்லாம் 'திறன்' என்று எழுதும் பழக்கம் திறன்பேசியோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொண்டிருக்கலாம். அது அட்டைக்கும் வந்துவிட்டதால் சிலவற்றைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

ஸ்மார்ட் என்பதன் சொற்பிறப்பு சுருக்கமானது. பழைய ஆங்கிலத்தில் சுரீரென வலிப்பதைக் குறித்த வினைச்சொல், விரைவு, கூர்மை, அறிவுக்கூர்மை என்று பொருள் விரிந்து, கடைசியில் சில்லு (சிப்) பதித்த நெகிழி அட்டைக்கு அடைமொழியாயிற்று.

திறன் என்பதோ, நம் பள்ளி இயற்பியல் நூல்களில் ஓரலகு நேரத்தில் செய்யப்படும் வேலை. அதன் அலகு வாட். திறன் அட்டை என்று படிக்கும் மாணவர் அதை மின்வாரியத்தோடு தொடர்புபடுத்திக்கொண்டால் குற்றம் அவருடையதன்று. நகரத்துக்கு முன்னால் வரும்போது அதே ஸ்மார்ட் 'சீர்மிகு' என்றும் 'பொலிவுறு' என்றும் மாறிவிடுகிறது; 2016இல் ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்குத் தேர்வான வேலூருக்கு இரண்டு பெயர்களும் கிடைத்தன.

இவற்றைவிடப் பெரிய இடர், அட்டையிடம் இல்லாத அறிவை அந்தப் பெயர் ஏற்றிச் சொல்வது. லண்டனின் ஆய்ஸ்டர் பயண அட்டையிலும் நெதர்லாந்தின் பயண அட்டையிலும் இருந்த மைஃபேர் கிளாசிக் சில்லில் எண்ணிப் பார்க்கும் செயலி இல்லை. நினைவகமும் மாற்றவியலாத சில மின்சுற்றுகளுமே இருந்தன. அதன் மறைகுறியாக்கத் திறவுகோல், அதாவது தகவலைப் பூட்டும் இரகசிய எண், வெறும் 48 பிட் நீளம். பூட்டின் அமைப்பை யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பதையே காவலாக நம்பியிருந்தார்கள். 2007 டிசம்பரில் ஆய்வாளர்கள் அந்த அமைப்பை வெளிக்கொணர்ந்தார்கள். 2008இல் நெதர்லாந்தின் நைமேகன் ராட்பவுட் பல்கலைக்கழகக் குழுவினர் அதை முழுவதுமாக உடைத்துக் காட்டினார்கள். சில்லைச் செய்த நிறுவனம் ஆய்வுக் கட்டுரையைத் தடுக்க வழக்குத் தொடுத்தும் நெதர்லாந்து நீதிமன்றம் இசையவில்லை. இருப்புத் தொகை அட்டையிலேயே எழுதப்பட்டிருந்ததால், பழைய பதிவை நகலெடுத்து வைத்துக்கொண்டு, செலவான பின் அதையே திரும்ப ஏற்றிவிட முடிந்தது. இப்படிப்பட்ட ஒன்றைத் திறன் அட்டை என்று அழைத்துவிட்டு அதன் குறைகளைப் பட்டியலிடும் கட்டுரை, முதல் சொல்லிலேயே தன்னோடு முரண்படுகிறது.

நெதர்லாந்துக்காரர்கள் தங்கள் அட்டைக்கு வைத்த பெயரிலேயே சிப் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களும் சில்லு உள்ள அட்டை என்றே சொல்கிறார்கள். உள்ளே இருக்கும் பொருளைச் சொல்லும் இந்த வழியே நமக்கும் ஏற்றது: சில்லு அட்டை.

சில்லு என்றால் உடைந்த துண்டுதானே என்பார்கள். ஆம், பாண்டி ஆடும் ஓட்டாஞ்சில்லும் தேங்காய்ச் சில்லும் துண்டுகளே. ஆங்கிலச் சிப்புக்கும் செதுக்கி விழுந்த துண்டு என்பதே மூலப்பொருள் என்பதால், இவ்வளவு நெருங்கிப் பொருந்தும் சொல் அரிதாகத்தான் வாய்க்கும். ஈழத்தில் சில்லு சக்கரத்தைக் குறிக்கிறது என்பது மெய்யான தடைதான். ஆனால் 'அட்டை' கூட வரும்போது குழப்பம் நேராது. (அந்த அட்டைக்கே இரத்தம் உறிஞ்சும் உயிர் என்றொரு பொருள் இருந்தும் யாரும் அஞ்சியதில்லை.)

இந்தப் பெயரால் இன்னொரு தெளிவும் கிடைக்கும். காட்பாடியிலோ குடியாத்தத்திலோ 'ஸ்மார்ட் கார்டு எடுங்க' என்றால் மக்கள் எடுப்பது 2017 முதல் வழங்கப்பட்ட ரேஷன் அட்டையை. அதில் இருப்பது கியூஆர் குறியீடு, சில்லு அன்று. 'திறன்' ரேஷன் அட்டையையும் சில்லுள்ள அட்டையையும் ஒன்றாக்கிவிடுகிறது. 'சில்லு' பிரித்துக் காட்டுகிறது.

மூலத்தின் அடைமொழியை ஆராயாமல் ஏற்கும் மொழிபெயர்ப்பாளர்கள் பயண அட்டை பற்றிய கட்டுரைகளில் 'முழுமையற்ற பயணம்' என்றும் எழுதுகிறார்கள். இறங்கும் நிலையத்தில் அட்டையைக் கருவியில் காட்டத் தவறியவரிடம் லண்டனில் உச்சக் கட்டணம் பிடிக்கப்படுவதற்கு அங்கே வழங்கும் பெயர் அது. பயணி போக வேண்டிய இடத்துக்கு முழுமையாகப் போய்ச் சேர்ந்துவிட்டார். முழுமையடையாதது கணினியின் பதிவு. 'பதிவு நிறைவுறாத பயணம்' என்று எழுதினால், குறை யாருடையது என்பது சொல்லிலேயே தெரியும்.