கீழே கிடக்கிற குஞ்செல்லாம் அநாதை இல்லை

சித்திரை பிறந்தால் போதும், என் கால்நடை கிளினிக்குக்கு அட்டைப்பெட்டிகள் வரத் தொடங்கிவிடும். செருப்புப் பெட்டி, அல்வா டப்பா, மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பா. ஆனி, ஆடியில் மேல்காற்று கிளம்பியதும் இன்னும் கூடும். பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற அதே காற்றுதான் கூடுகளையும் உலுக்கிக் கீழே தள்ளுகிறது. பெட்டியைத் திறந்தால் மைனா, கொண்டைக்குருவி, தவிட்டுப்புறா, ஆந்தை, பச்சைக்கிளி என்று ஏதாவது ஒரு குஞ்சு. கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் மனசு உள்ளவர்கள். அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் குஞ்சுகளில் பலவற்றை யாரும் எடுத்திருக்கவே வேண்டியதில்லை. இதை நேரில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இந்த வாரம் வந்த பெட்டியைப் பார்த்த பிறகு எழுதியே தீருவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

பெட்டிக்குள் இரண்டு மைனாக் குஞ்சுகள். கண் திறந்து, முதுகெல்லாம் இறகுக் குருத்து முள் முள்ளாக முளைத்த பருவம். ஒன்று ஏற்கெனவே விறைத்துப் போயிருந்தது. மற்றது ஒவ்வொரு மூச்சுக்கும் வாயைத் திறந்து திறந்து மூடியது. காதருகே வைத்தால் நெஞ்சுக்குள் களகளவென்று சத்தம். மூக்குத் துவாரத்தில் காய்ந்த பால் நுரை.

"நல்லாத்தான் குடிச்சுது டாக்டரம்மா. இங்க் ஃபில்லர்ல பசும்பால் குடுத்தோம்."

"எங்கேருந்து விழுந்துச்சு?"

"எங்க வீட்டுச் செவுத்துல ஏசிக்குப் போட்ட ஓட்டைல இருந்து."

"திரும்ப அதுலயே வச்சிருக்கலாமே அண்ணாச்சி?"

"பையன் கையால தொட்டுட்டாம்லா. மனுச வாடை பட்டா தாய் சேக்காதுல்லா?"

"தாய் அந்தப் பக்கம் வந்துச்சா?"

"ரெண்டு மைனா நேத்துல இருந்து கரண்டுக் கம்பில உக்காந்து கத்திக்கிட்டே கெடக்கு. இப்ப வண்டிய எடுக்கும்போதுகூட கத்துச்சு."

கம்பியில் உட்கார்ந்து கத்திய அந்த இரண்டும்தான் தாயும் தகப்பனும். ஒரு நாற்காலியைப் போட்டு ஏறிக் குஞ்சை ஓட்டைக்குள் வைத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். சாயங்காலத்துக்குள் இரண்டாவது குஞ்சும் போய்விட்டது.

அதனால் இந்த "கை பட்டால் தாய் சேர்க்காது" என்ற பேச்சை முதலில் முடித்துவிடுவோம். தாத்தா சொன்னார், ஸ்கூலில் டீச்சர் சொன்னார், எல்லாருக்கும் தெரியும் என்பீர்கள். தவறு. நம் வீட்டுக் கோழியையே பாருங்கள். ஆச்சி கையால்தான் முட்டையை எடுத்து அடை வைக்கிறாள். சில வீடுகளில் வாத்து முட்டையைக்கூடக் கோழிக்கு அடியில் வைப்பார்கள். பொரித்த பிறகு தினமும் பொழுதடையும்போது குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பஞ்சாரத்துக்குள் விடுகிறோம். எந்தக் கோழியாவது மோந்து பார்த்துத் தன் குஞ்சைத் தள்ளிவிட்டு நீங்கள் கண்டதுண்டா?

கோழி பழகிய பறவை என்று சொன்னால், காகத்துக்கு வாருங்கள். குயில் தன் முட்டையைக் காகத்தின் கூட்டில் இட்டுவிட்டுப் போகிறது. பொரித்து வரும் குயில் குஞ்சுக்குக் காகம் ஓடி ஓடி இரை கொடுத்து வளர்க்கிறது. வேறு சாதிக் குஞ்சையே தன் குஞ்சாக நினைத்து ஊட்டுகிற பறவை, உங்கள் விரல் பட்டது என்பதற்காகத் தான் பெற்ற குஞ்சைக் கைவிடுமா? 1899இல் டென்மார்க்கில் ஹான்ஸ் மோர்ட்டென்சன் என்ற ஆசிரியர், நம் மைனாவுக்குச் சொந்தக்கார இனப் பறவைகளைப் பிடித்துக் காலில் எண் பொறித்த உலோக வளையம் போட்டு விட ஆரம்பித்தார். அன்றிலிருந்து இன்றுவரை உலகம் முழுக்க ஆய்வாளர்கள் குஞ்சுகளைக் கூட்டிலிருந்து கையால் எடுக்கிறார்கள், எடை பார்க்கிறார்கள், வளையம் மாட்டுகிறார்கள், திரும்ப வைக்கிறார்கள். தாய் வந்து ஊட்டத்தான் செய்கிறது. கூட்டில் பிளந்திருக்கிற வாயும், 'கீ கீ' என்ற சத்தமும்தான் தாய்ப்பறவையை இழுத்து வருகின்றன.

இந்த நம்பிக்கைக்குள் ஓர் உண்மை மாட்டிக்கொண்டிருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். முட்டையோ குஞ்சோ இருக்கிற கூட்டை அடிக்கடி போய்க் குடைந்தால், அங்கேயே கூட்டம் போட்டு நின்றால், சில பறவைகள் பயந்து கூட்டையே விட்டுவிடும். அதற்குக் காரணம் நீங்கள் அங்கே நிற்பது. குஞ்சைத் திரும்ப வைத்துவிட்டு, தாய் வருகிறதா என்று அடியில் பிள்ளைகளோடு நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தால் அது எப்படி வரும்? வைத்ததும் வீட்டுக்குள் போய் ஜன்னல் வழியாகப் பாருங்கள். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் பொறுங்கள்.

அடுத்தது, கீழே கிடப்பதெல்லாம் விழுந்தது அல்ல. உடம்பில் இறகு மூடி, வால் மட்டும் குட்டையாக, வாயோரத்தில் மஞ்சள் விளிம்போடு தத்தித் தத்திப் போகிற குஞ்சு, கூட்டை விட்டு இறங்கிய குஞ்சு. கொண்டைக்குருவி பொரித்து இரண்டு வாரம் ஆவதற்குள் கூட்டிலிருந்து குதித்துவிடும். அப்போது அதற்குச் சரியாகப் பறக்க வராது. செம்பருத்திச் செடி அடியில் சில நாள் ஒளிந்து ஒளிந்து திரியும். தாயும் தகப்பனும் அங்கேயே வந்து ஊட்டும். அதைப் பிடித்துக்கொண்டு வருவது மீட்பு அல்ல, பிள்ளை பிடிப்பது. பூனையோ நாயோ சுற்றினால் அவற்றைக் கட்டிப்போடுங்கள். குஞ்சைப் பக்கத்தில் இருக்கிற புதரிலோ தாழ்ந்த கிளையிலோ ஏற்றிவிட்டு நகர்ந்துவிடுங்கள். போதும்.

கண் திறக்காமல் வெறும் சதையாகவோ, அந்த மைனாக்களைப்போல இறகு முள் முள்ளாக மட்டும் முளைத்தோ கிடக்கிற குஞ்சுதான் நிஜமாகவே விழுந்தது. அதற்கும் முதல் மருந்து அதன் கூடுதான். கூடு கலைந்துவிட்டதா? ஒரு சின்ன ஓலைக்கொட்டானை எடுங்கள். பனையோலை முடைந்தது ரொம்ப நல்லது, மழைத் தண்ணீர் அடியில் வடிந்துவிடும். உள்ளே காய்ந்த புல்லைக் கிண்ணம்போல் அமுக்கி வையுங்கள். நூல், பஞ்சு, கிழிந்த சேலைத்துணி வேண்டாம். காலில் சுற்றி, இறுகி, விரல் அழுகிப்போன குஞ்சுகளை வெட்டிச் சுத்தம் செய்வது எனக்கு வருஷாவருஷம் வேலை. வழுவழுப்பான பேப்பர்மேலும் விடாதீர்கள், கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துகொண்டு பிறகு நிற்கவே முடியாமல் போகும். கொட்டானை அதே மரத்தில், பழைய கூடு இருந்த கிளைக்கு முடிந்த அளவு பக்கத்தில், நிழலில் கம்பியால் இறுகக் கட்டுங்கள். தவிட்டுப்புறாவுக்கும் கொண்டைக்குருவிக்கும் இதைச் செய்து நல்ல பலன் கண்டிருக்கிறேன்.

திரும்ப வைக்கவே வழியில்லாத நேரமும் உண்டு. தாய் செத்துக் கிடக்கும். அல்லது செங்கல் சூளைக்கென்று மொட்டைப் பனையை வெட்டிச் சாய்த்திருப்பார்கள், பொந்துக்குள் இருந்த கிளிக்குஞ்சுகள் உருண்டு வெளியே கிடக்கும். (பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்துவிட்டது. பட்டுப்போன மரம்தானே என்று நினைக்காதீர்கள். கிளிக்கும் ஆந்தைக்கும் அந்தப் பட்ட பனைதான் வீடு. தை முதல் சித்திரை வரையாவது கோடாரியைக் கீழே வையுங்கள்.) அந்த மாதிரிக் குஞ்சை என்னிடமோ வேறு கால்நடை மருத்துவரிடமோ வனத்துறையிடமோ கொண்டு சேர்க்கும்வரை நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: கதகதப்பு. இறகில்லாத குஞ்சுக்கு 35 டிகிரிக்கு ஒட்டிய சூடு வேண்டும். பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள், சூடு அதிகமானால் குஞ்சு மறுபக்கம் நகர இடம் வேண்டும். ஃபேன், ஏசி இரண்டும் கூடாது. பெட்டியை மூடி, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். பிள்ளைகள் மாறி மாறி எடுத்துக் கொஞ்சுவதற்கு அது பொம்மை இல்லை.

குளிர்ந்து கிடக்கிற குஞ்சுக்குத் தீனி கொடுக்காதீர்கள். ஜீரணமாகாது. முதலில் சூடு, பிறகுதான் சாப்பாடு.

பால் கூடாது. எந்தப் பாலும் கூடாது. பறவைக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கிற சக்தி இல்லை. பால் சோறு, பிரெட், பிஸ்கட், தயிர்சாதம், எதுவுமே வேண்டாம். சொட்டு சொட்டாகத் தண்ணீரும் ஊற்றாதீர்கள். குஞ்சு வாயைப் பிளக்கும்போது உள்ளே பாருங்கள்: நாக்குக்கு நேர் பின்னால் ஒரு சின்னத் துளை திறந்து மூடும். அது மூச்சுக்குழாயின் வாய். நமக்கு இருப்பதுபோல் அதற்கு மூடி இல்லை. ஃபில்லரிலிருந்து விழுகிற சொட்டு நேரே நுரையீரலுக்குத்தான் போகும். அந்த மைனாக் குஞ்சின் நெஞ்சில் கேட்ட களகளப்பு அதுதான். குஞ்சுக்கு வேண்டிய ஈரம் அதன் இரையிலேயே இருக்கிறது.

டாக்டரிடம் வர நேரமாகும், குஞ்சு சூடேறி வாயைப் பிளந்து கத்துகிறது, அது மைனாவோ கொண்டைக்குருவியோ தவிட்டுக்குருவியோ சிட்டுக்குருவியோ என்றால், அவித்த முட்டையைத் துளித் துளியாகப் பிய்த்து, முனை மழுக்கிய ஈர்க்கில் எடுத்து, வாயின் பின்பக்கமாக வைத்தால் தானே விழுங்கும். பூனைக்குட்டிகளுக்கு விற்கிற உலர் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்துப் பிசைந்தும் கொடுக்கலாம். தானியம் தின்கிற சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் புழு பூச்சியைத்தான் ஊட்டும். அதனால் அரிசிக்குறுநொய்யை ஊறவைத்து ஊட்டுகிற வேலை வேண்டாம். சின்னக் குஞ்சென்றால் பொழுது விடிந்ததிலிருந்து அடைகிறவரை அரை மணிக்கு ஒருதரம் கொடுக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்களால் முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஊட்டி முடித்ததும் குஞ்சு பின்பக்கத்தைத் தூக்கி, மெல்லிய சவ்வுப் பைக்குள் அடைத்த மாதிரி வெள்ளையாக எச்சம் போட்டால் வயிறு சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம். எச்சம் தண்ணியாகப் பரவினாலோ வரவே இல்லை என்றாலோ ஊட்டுவதை நிறுத்திவிட்டுக் கிளம்பி வாருங்கள்.

புறாக் குஞ்சு வாயைப் பிளக்காது. "பசிக்கல போலிருக்கு" என்று விட்டுவிடுவார்கள். அது தன் அலகைத் தாயின் வாய்க்குள் நுழைத்துத்தான் குடிக்கும். முதல் சில நாள் தாய், தகப்பன் இரண்டின் தொண்டைப்பையிலும் சுரக்கிற ஒரு கெட்டிப் பால்தான் அதற்கு உணவு. வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். ஆந்தைக்கும் பருந்துக்கும் எலும்பில்லாத கோழிக்கறியை மட்டுமே போட்டு வளர்த்து, கால் வளைந்து, றெக்கை எலும்பு முறிந்தபின் கொண்டுவருகிறார்கள். எலியை முழுதாக, எலும்போடு விழுங்கிச் சுண்ணாம்புச் சத்து எடுக்கிற பறவைக்கு வெறும் சதை பட்டினி மாதிரிதான். மயில், கௌதாரி, காடைக் குஞ்சுகள் பொரித்தவுடனே ஓடும். வயலில் பார்த்தால் விட்டுவிடுங்கள், தாய் வரப்புக்கு அந்தப் பக்கம்தான் நிற்கும்.

பூனை கவ்விய குஞ்சு என்றால் காயம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அன்றைக்கே வந்தாக வேண்டும். பூனையின் பல்லில் உள்ள கிருமி ஒன்றிரண்டு நாளில் கொன்றுவிடும். "நல்லாத்தான் இருக்கு, பாப்போம்" என்று காத்திருக்காதீர்கள்.

"கூந்தன்குளத்துல ஊர்க்காரங்களே வளக்காங்களே டாக்டரம்மா" என்று கேட்கிறவர்களுக்கு: ஆமாம், வளர்க்கிறார்கள். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. வீட்டுக் கொல்லை மரத்திலேயே சங்குவளை நாரை கூடு கட்டும், எச்சம் தலையில் விழுந்தாலும் யாரும் விரட்ட மாட்டார்கள். மரத்திலிருந்து விழுகிற நாரைக் குஞ்சையும் கூழைக்கடாக் குஞ்சையும் மீன் கொடுத்து வளர்த்துக் குளத்துப் பக்கம் விடுகிறார்கள். ஆனால் அது 1994இல் இருந்து சரணாலயம். வனத்துறை அங்கேயே இருக்கிறது. குஞ்சு வளர்ந்ததும் சேர்ந்துகொள்ள அதே இனக் கூட்டம் கண்ணெதிரே இருக்கிறது. உங்கள் மாடியில் தனியாக வளர்கிற மைனா மனிதக் குரலைக் கேட்டால் தோளில் வந்து உட்காரும். பார்க்க ஆசையாக இருக்கும். வெளியே விட்டால் பூனையைக் கண்டு பயப்படத் தெரியாது.

பச்சைக்கிளிக்குஞ்சைக் கூண்டில் வைத்துப் பேசப் பழக்குகிறவர்களிடம் கெஞ்சியே கேட்கிறேன், வேண்டாம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். காட்டுயிர் ஒன்று உங்கள் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் வனத்துறையிடமோ காவல் நிலையத்திலோ தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். கிளியின் எச்சத்தூசி வழியாக மனிதர்களுக்கு நுரையீரல் காய்ச்சல் பரவும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தக் குஞ்சைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

கிளம்பி வரும்போது குஞ்சு எந்தத் தெருவில், எந்த மரத்தடியில், எத்தனை மணிக்குக் கிடந்தது, இதுவரை என்ன கொடுத்தீர்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். பால் கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், திட்ட மாட்டேன். பக்கத்தில் பெரிய பறவை ஏதாவது கத்திக்கொண்டிருந்ததா என்று நான் கேட்பேன். அதற்குப் பதில் "ஆமாம்" என்றால், வந்த வண்டியிலேயே உங்களைத் திருப்பி அனுப்பத்தான் போகிறேன். ஏணி ஒன்று ஏற்பாடு செய்துவிட்டே புறப்படுங்கள்.